முதல் தாம்பூலம் யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதி தேர்தலுக்கு முன்பு, ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர் இன்னாரென்று பொறுக்குவதற்காக, பெரும்பாலான மாகாணங்களில் பூர்வாங்கத் தேர்தல் என்பதாக ஒன்று நடப்பதுண்டு. அவற்றில் 1920 முதல் முதல் தாம்பூலம் வாங்கி வந்திருப்பது நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாகாணமாகும். 33 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுள்ள தேசத்தில் இதன் ஜனத்தொகை சுமார் 14 லட்சமே. அதிலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெள்ளையர்.

இந்த முதன்மை எப்படி வந்தது? மார்ச்சு மாத ஊர்க்கூட்டத்தன்றே ஓட்டையும் வைத்துக்கொண்டால் செலவு மிச்சமென்று செய்த சிக்கனத்தால் வந்தது. அவ்வளவுதான். பிறகு 1975-ல் அதற்குச் சட்டமே செய்துகொண்டார்கள். இப்போதுள்ள சட்டப்படி, வேறெந்த மாகாணத் தேர்தலுக்கும் ஏழு நாளாவது முந்தி இவர்கள் தேர்தல் நடக்க வேண்டுமாம்! தற்செயலாய் வந்தது வழக்கமாகி, வழக்கம் உரிமையாகிவிட்டது.

"இங்கு ஜெயித்தவனே ஜனாதிபதி" என்று சகுனம் பார்க்கவும் ஆரம்பித்தனர். 1952 முதல் 1988 வரை அது பலித்தது உண்மையே. ஆனால் 1992-ல் கிளிண்டன் இங்கு தோற்றும் ஜனாதிபதியானார். 2020-ல் பைடன் இங்கு ஐந்தாவதாய் வந்தும் ஜனாதிபதியானார். சகுனக்காரர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்?

நிற்க, இத்தேர்தலால் நன்மையே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. 1968-ல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த மக்கார்த்தி, பதவியிலிருந்த ஜான்சனுக்கு எதிராக நூற்றுக்கு 42 ஓட்டு வாங்கினார். அம்மாதமே ஜான்சன் விலகிக்கொண்டார். சாதாரண ஓட்டருக்கு அவ்வளவு பலம்.

அந்தப் பலம் எல்லா மாகாணத்தாருக்கும் உண்டா என்பதே நம் கேள்வி. 2016-ல் ஏறக்குறைய நான்கு கோடி ஜனங்களுள்ள கலிபோர்னியாவின் முறை ஜூன் 7-ல் வந்தபொழுது, குடியரசுக் கட்சியில் டிரம்பைத் தவிர மற்றவர் யாவரும் போட்டியைவிட்டுப் போய் ஒரு மாதமாகியிருந்தது. சீட்டில் பெயர்கள் இருந்தன, ஆட்கள் இல்லை.

2024-ல் ஜனநாயகக் கட்சியார், கறுப்பு மக்கள் மிகுந்த தென் கரோலினாவுக்கு முதலிடம் கொடுத்தனர். நியூ ஹாம்ப்ஷயர் கேட்கவில்லை. ஜனவரி 23-லேயே நடத்திவிட்டது. பைடன் பெயர் சீட்டில் இல்லாதிருந்தும் ஓட்டர்கள் கையால் எழுதி அவரை ஜெயிக்க வைத்தனர்.

சிறு மாகாணத்தில்தான் பணமில்லாத அபேட்சகரும் வீடுவீடாய்ப் போகமுடியும் என்கிறார்கள். சரி, சிறு மாகாணங்கள் வேறு இல்லையா? தேர்தலுக்குத் தேர்தல் முறைவைத்து மாற்றிக்கொள்ளட்டுமே.