வெயில் காயும் ஊரில் செடிக்கு விளக்கு எதற்கு?

ஐந்து மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் சுருள் ஒன்றும் வீட்டு மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருந்தால், செடி வளர்க்கும் விளக்கை வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் ராமநாதபுரம், ராமேசுவரம் கரையில் அதைச் செய்யத்தான் வேண்டுமா என்று கணக்குப் போட்டால், பெரும்பாலோருக்கு வேண்டாம் என்றே விடை வருகிறது. ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைக்கிறதே என்று முடிவெடுத்துவிடக் கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தையும் அதைக் கையாள வேண்டிய பொறுப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட 12 வோல்ட் ஸ்ட்ரிப், மீட்டருக்கு ஏறத்தாழ 14 வாட் இழுக்கும். முழுச் சுருளுக்கு 72 வாட், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 85 வாட். நாற்றுக்காகத் தினம் 14 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் சுமார் 70 யூனிட். தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருவது 100 யூனிட். அதில் பெரும்பகுதியை ஒரு தட்டு நாற்றே தின்றுவிடும். பதிலுக்குக் கிடைப்பது எவ்வளவு? அத்தனை ஒளியும் ஒரு சதுர மீட்டருக்குள் விழுந்தால்கூட ஆறு, ஏழாயிரம் லக்ஸ்தான். வாசலில் அடிக்கும் உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும்.

உப்புக்காற்றிலும் கொளுத்தும் வெயிலிலும் நாற்று கருகிவிடுகிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே வெயில் மிகுதியாக இருப்பதுதான் சிக்கல். அதைத் தீர்க்க விளக்கு எதற்கு? பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையும், காற்று வரும் பக்கம் ஒரு தடுப்பும் போதும். அப்படி மறைத்த பிறகும் எஞ்சும் ஒளி, ஸ்ட்ரிப் தருவதைப்போல் பல மடங்கு. சோலார் பேனல் போட்டால் மின்சாரம் இலவசம்தானே என்பது அடுத்த வாதம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது என்பதே இந்த மாவட்டத்து வெயிலுக்குச் சான்று. ஆனால் பேனலில் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதிலும் பாதிக்கு மேல் விளக்கில் வெப்பமாகக் கழிகிறது. நேரே செடிமேல் விழ வேண்டிய வெயிலை இத்தனை இழப்போடு சுற்றி வளைத்துக் கொண்டுவருவதில் சிக்கனம் ஏதுமில்லை.

அப்படியானால் ஆய்வகங்கள் ஏன் விளக்கு வைக்கின்றன? மண்டபம் என்னும் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் 2010-இல் கோபியா மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. இத்தகைய குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகளின் முதல் இரை ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். ரோட்டிஃபருக்கு இரை நுண்பாசி. அந்தப் பாசியின் தாய் வளர்ப்பைக் கலப்படமின்றிக் காக்க, குளிரூட்டிய அறையில் கண்ணாடிக் குடுவைகளில் விளக்கொளியில் வைப்பார்கள். ஆனால் பெருமளவில் பெருக்கும்போது வெளித் தொட்டிகளுக்கு, வெயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். வெயிலை உள்ளே விட முடியாத இடத்தில் மட்டும் விளக்கு என்பதே அங்குள்ள நடைமுறை.

வீட்டிலும் அதே அளவுகோல் பொருந்தும். ஜன்னலே இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர், வித்துகளை முளைக்க வைத்துப் பார்க்கும் மாணவர் போன்றோருக்கு விளக்கு தேவைதான். அவர்கள் ஸ்ட்ரிப்பின் நீளத்தைக் குறைத்துக்கொண்டு மிச்சப் பணத்தை இணைப்பில் போடட்டும். ஊதா நிற ஸ்ட்ரிப் அவசியமில்லை. வெள்ளை ஒளியிலேயே செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் உண்டு. 72 வாட்டுக்கு 100 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். ஐந்து மீட்டரையும் ஒரே முனையிலிருந்து ஊட்டினால் மறுமுனை மங்கும். துண்டுகளாக்கி இணையாகக் கொடுப்பதே முறை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியப்படுத்தவும் கூடாது: அதில் 6 ஆம்பியர் ஓடுகிறது, தளர்ந்த இணைப்பு ஒன்று சூடேறித் தீப்பிடிக்க அதுவே போதும். எனவே தடித்த ஒயர், ஃபியூஸ், ஸ்ட்ரிப்பை ஒட்டுவதற்கு அலுமினியப் பட்டை மூன்றும் கட்டாயம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மறுபக்கம் 230 வோல்ட். உப்புக்காற்று செம்பை அரிக்கும் ஊரில், தண்ணீர் ஊற்றும் இடத்தருகே அதைத் திறந்து வைப்பது ஆபத்து. மூடிய பெட்டி, எர்த், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவற்றுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர் ஸ்ட்ரிப்பையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நிழல்வலை வாங்கி மொட்டைமாடியில் கட்டினால் நாற்று இதைவிட நன்றாகவே வளரும்.