சோதிப்பவரின் கேள்வி

விண்வெளித் துறை என்றதும் வானில் சீறிப் பாயும் உந்துகணையே பலரின் நினைவுக்கு வருகிறது. அதனை வழிநடத்தும் மென்பொருளில் பிழை உண்டா என்று மாதக்கணக்கில் சோதித்துப் பார்க்கும் பொறியாளரைச் சிலரே நினைக்கின்றனர். மென்பொருளை உருவாக்குபவருக்குக் கிடைக்கும் மதிப்பு, அதைச் சோதிப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

1996 ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ‘ஏரியன் 5’ உந்துகணை முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் அது வானிலேயே வெடித்துச் சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு ஆய்வுத் துணைக்கோள்களும் அழிந்தன.

உந்துகணையின் திசையையும் அசைவையும் அளக்கும் கருவியில், முந்தைய ‘ஏரியன் 4’க்கு எழுதப்பட்ட மென்பொருளே பயன்படுத்தப்பட்டிருந்தது. அதில் ஓர் அளவைப் பதிய 16 பிட் இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. புதிய உந்துகணையின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால் அந்த அளவு எல்லையைத் தாண்டியது, கருவி செயலிழந்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. கருவி அனுப்பிய பிழைச் செய்தியை உண்மையான பயணத் தகவலாக எடுத்துக்கொண்ட கணினி, உந்துகணையைத் தவறாகத் திருப்பியது.

முன்பு நன்றாக இயங்கிய மென்பொருளை மீண்டும் சோதிப்பது வீண் செலவு எனச் சிலர் வாதிடலாம். சோதனைக்குக் காலமும் பணமும் தேவை என்பது உண்மையே. ஆயினும், விபத்துக்குப்பின் அப்பயணத்தின் தரவுகளைத் தரையிலுள்ள கணினியில் செலுத்திப் பார்த்தபோது, அதே கோளாறு அப்படியே தோன்றியது. புதிய உந்துகணையின் பயணப் பாதையைக் கொண்டு முன்பே சோதித்திருந்தால், பிழை தரையிலேயே பிடிபட்டிருக்கும்.

“இந்த எண் எல்லை மீறினால் என்னவாகும்? இரண்டு கருவிகளும் ஒரே காரணத்தால் நின்றுவிட்டால் என்ன செய்வது?” எனக் கேட்பதே சோதனைப் பொறியாளரின் பணி. ஏவும் நாள் நெருங்கும் வேளையில் இக்கேள்விகள் உடன் பணிபுரிவோருக்கு எரிச்சலூட்டலாம். எனினும், பறந்துகொண்டிருக்கும் உந்துகணையை நிறுத்தித் திருத்த எவராலும் இயலாது.

அழிந்தவற்றுக்கு மாற்றாக நான்கு துணைக்கோள்கள் 2000ஆம் ஆண்டில்தான் விண்ணை அடைந்தன. அறிவியலாளர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. கேட்க வேண்டிய கேள்வியை உரிய நேரத்தில் கேட்காததற்குக் கொடுத்த விலை அது. எனவே, கணினித் துறையில் கால்பதிக்க விரும்பும் மாணவர்கள் சோதனைப் பணியை இரண்டாம் தரமாக எண்ணாமல், துணிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.