காட்சி உண்டு, சாட்சி ஆகுமா?

மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்று தலையை நிமிர்த்தினால் எந்தப் பக்கமும் ஒரு கேமரா தென்படும். நகைக்கடை, அடகுக்கடை, மருந்துக்கடை, ஏடிஎம், அடுக்குமாடி வாசல் என்று தாம்பரம்–வேளச்சேரி சாலை நெடுக இதே நிலைதான். ஏ.கே.விசுவநாதன் சென்னை ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் காவல் துறை கடைக்காரர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் கேட்டுக்கேட்டுப் பொருத்த வைத்ததன் பலன் இது. 2022 ஜனவரி 1 முதல் இந்தப் பகுதி தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வந்துவிட்டது. சங்கிலிப் பறிப்போ வெட்டுக்குத்தோ நடந்தால், இன்று காவலர்கள் முதலில் தேடிப்போவது கேமராவைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம், காட்சியைப் பார்த்த பிறகு நடப்பதில் இருக்கிறது.

கல்லாவுக்கு மேலே பரணில், ஒட்டடைக்கு நடுவே டிவிஆர் பெட்டி. கடைப்பையனுக்கு பாஸ்வேர்டு தெரியாது. பொருத்திக்கொடுத்த ஆளுக்குப் போன் போகிறது. காட்சி கிடைத்ததும் காவலர் தன் செல்போனைத் திரைக்கு நேரே பிடித்துப் படம் எடுக்கிறார். அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. பல நேரம் மாலைக்குள் தொலைக்காட்சியிலும் ஓடிவிடுகிறது. மூலப் பதிவோ பெட்டியிலேயே கிடக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

ஆளைத் தேடுவதற்கு அந்த செல்போன் படம் போதும், நீதிமன்றத்துக்குப் போதாது. வாட்ஸ்அப் வழியாகப் போகும் காணொளி சுருக்கப்படுகிறது. வண்டி எண் மங்குகிறது, மூலக் கோப்போடு இருந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. அது எந்தப் பெட்டியில் இருந்து வந்தது என்று கேட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் கடிகாரம். டிவிஆருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போனால், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு தேதி எங்கோ பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். இணைய இணைப்பு இல்லாத பெட்டிகளில் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். திரையின் மூலையில் 9.10 என்று காட்டும்போது உண்மை நேரம் 9.32 என்று வைத்துக்கொள்வோம். அந்த 22 நிமிடத்தை அன்றே மகஜரில் எழுதினால் ஒரு வரியோடு போயிற்று. எழுதாமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்து நடக்கும் குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்புக்கு அதுவே பிடிமானம்.

தேதி ஒன்று எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்குத் தமிழர்கள் மறக்க முடியாத சான்று இருக்கிறது. கைகள் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களை ராணுவச் சீருடை அணிந்தவர்கள் சுடும் காட்சியை 2009 ஆகஸ்ட் 25 அன்று சேனல் 4 ஒளிபரப்பியது. கொழும்பு அரசு, போலி என்றது; தன் நிபுணர்களையும் முன்னிறுத்தியது. சட்டவிரோதப் படுகொலைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அதை மூன்று நிபுணர்களிடம் ஒப்படைத்தார்: ஒருவர் தடயவியல் மருத்துவர், ஒருவர் துப்பாக்கி வல்லுநர், ஒருவர் காணொளி ஆய்வாளர். காட்சி உண்மையானதே என்ற அவர்களது முடிவை 2010 ஜனவரியில் அல்ஸ்டன் வெளியிட்டார். ஆனால் போர் முடிந்தது மே மாதத்தில்; கோப்பில் பதிந்திருந்த தேதியோ 2009 ஜூலை 17. அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதை அல்ஸ்டனே மறைக்காமல் எழுதினார். உயிரைப் பணயம் வைத்து வெளியே வந்த காட்சிக்கு மகஜர் எழுத யாரும் இருந்திருக்க முடியாது. மேடவாக்கத்தில் மளிகைக்கடைக்கு நடந்தே போய்ப் பதிவை எடுக்கும் காவல் துறைக்கு அந்தச் சாக்கு கிடையாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கில் சொன்னது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு, கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் நிபுணரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும் என்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுதச் சொல்கிறது. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கோவை. காணொளியில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை முற்றிலும் மாறிவிடும். ஆனால் ஹாஷ் ஒரு மந்திரமல்ல. எடுத்த பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதைத்தான் அது சொல்லும். பத்து நாள் கழித்து, ஸ்டேஷன் கணினியில், வாட்ஸ்அப் பிரதிக்கு ஹாஷ் போட்டால் அந்தப் பத்து நாளுக்கு யார் பொறுப்பு?

கோகுல்ராஜ் கொலை வழக்கை நினைத்துப் பார்க்கலாம். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பதிவான காட்சிகள் அந்த வழக்கின் முதுகெலும்பு. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். திரையில் இருப்பது தான் அல்ல என்றார். உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் கோயிலுக்கே போய்க் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தனர். 2023 ஜூனில் தண்டனையை உறுதிசெய்தனர். மனிதர் மாறினாலும் பதிவு மாறவில்லை. சாத்தான்குளத்திலோ பதிவே இல்லை. 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்ட காவல் நிலையத்தில், ஹார்ட் டிஸ்கில் போதிய இடம் இருந்தும் காட்சிகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் கண்டறிந்தார்.

இனி எந்தக் காணொளியைக் காட்டினாலும் ‘இது ஏஐ’ என்ற வாதம் வரும். போலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்குவதாக அறிவிப்புகளும் வரும். வாங்கட்டும். ஆனால் மூலப் பதிவு கையில் இல்லாதபோது எந்த மென்பொருளும் அரைகுறைப் பதிலைத்தான் தரும். முதல் நாளிலேயே பதிவை ஒழுங்காக எடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அதற்குச் செலவும் அதிகமில்லை.

தாம்பரம் ஆணையரகம் இதை முன்மாதிரியாகத் தொடங்கலாம். நிலையத்துக்கு இரண்டு பயிற்சி பெற்ற காவலர்கள், புது ஹார்ட் டிஸ்குகள், ஹாஷ் போடும் மடிக்கணினி. சம்பவம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் டிவிஆரின் மூல வடிவிலேயே நகல், கடிகார வித்தியாசம் மகஜரில், உரிமையாளருக்கு ஹாஷ் எழுதிய ரசீது. தேடுதலையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிவுசெய்ய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு ஏற்கெனவே கட்டளையிடுகிறது. அதே கேமராவை டிவிஆரின் கடிகாரம் பக்கமும் திருப்பலாமே. நிபுணர் கையெழுத்துக்கு ஒவ்வொரு வழக்கும் மயிலாப்பூர்த் தடயவியல் துறையை எதிர்பார்த்து நிற்காதபடி, ஆணையரக அளவிலேயே தகுதி பெற்ற ஆய்வாளர்களை உள்துறை அமர்த்த வேண்டும். காவல் நிலையக் கேமராக்களுக்கும் இதே விதி. அங்குள்ள பதிவுகள் 18 மாதமாவது, முடியாவிட்டால் ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது.

கேமரா வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்று இரவு கடை அடைக்கும் முன் டிவிஆரின் தேதியையும் நேரத்தையும் உங்கள் செல்போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். போலீஸ் காட்சி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் மட்டும் கொடுக்காதீர்கள்.