பாஸ்டர் மாறினால் சபை யாருக்கு?

நம் காலனிகளில் ஒரு தகரக் கொட்டகைச் சபை இரண்டாக உடைந்தால் தோழர்கள் சிரிக்கிறார்கள். 'காணிக்கைச் சண்டை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பணமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணம் மட்டும்தானா?

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய சேரிப் பையன் ஒருவன், வேதாகமப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து மைக் பிடிக்கிறான். ஊர்த்தெருவில் 'டேய்' என்று கூப்பிடப்பட்டவனைச் சபையில் 'ஐயா' என்கிறார்கள். வேறெங்கே அவனுக்கு அந்த இடம் கிடைக்கும்? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் தலித்துகளே பெரும்பான்மை. ஆயர் நாற்காலியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? இந்தியாவிலிருந்து ஒரு தலித் கர்தினால் ஆவதற்கே 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுயாதீன பெந்தெகொஸ்தே சபைக்கோ எந்த ஆயரின் அனுமதியும் வேண்டாம். ஒரு கொட்டகையும் பத்துக் குடும்பமும் போதும். அதனால்தான், உதவி ஊழியராக வந்து வீடு வீடாக ஜெபித்து ஆள் சேர்த்தவர், மூத்த பாஸ்டரின் மகன் வாரிசாக மேடையேறும்போது பொறுப்பதில்லை. அடுத்த தெருவில் புதுப் பலகை ஏறுகிறது.

சண்டை வருவது இயல்பு. அதைத் தீர்க்க வழியில்லாததுதான் சிக்கல். ஓட்டெடுக்கலாம் என்றால் யாருக்கு ஓட்டு? நான் களப்பணியில் பார்த்த சிறு சபைகள் பலவற்றில் உறுப்பினர் பதிவேடே இல்லை. சோம்பல் காரணமில்லை. 1950 ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கென்று வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. ஞானஸ்நானம் பெற்றதையும் சபைக்குப் போவதையும் காட்டி, புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்.சி. சான்று கிடையாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு எந்த அம்மா, பிள்ளையின் உதவித்தொகையைப் பணயம் வைத்துப் பதிவேட்டில் பெயர் எழுதுவார்?

சபையாரின் பெயர் எங்கும் இல்லை. மனைப் பத்திரத்தில் மட்டும் பாஸ்டர் பெயர் இருக்கிறது. நூறு நாள் வேலைக் கூலியில் தசமபாகம் கொடுத்து, குழுக்கடன் வாங்கிக் கூரைத் தகடு போட்டவர்கள் பெண்கள். பாஸ்டர் விற்றுவிட்டுப் போனாலோ, மகன் பூட்டுப் போட்டாலோ அவர்கள் தெருவில் நிற்கிறார்கள். சில இடங்களில் அந்த மனையே ஒரு தலித் குடும்பம் கொடுத்தது. இதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

1950 ஆணை திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெருவின் பெயரில் ஒரு நலச் சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவு செய்யலாம். ஞானஸ்நானப் பட்டியல் தேவையில்லை. மனை சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூடிக் கணக்கு வாசிக்கட்டும். நிர்வாகக் குழுவில் பாதி பெண்கள் இருக்க வேண்டும், பாஸ்டரம்மாவைச் சேர்க்காமல்.

அபிஷேகம் பெற்றவரிடம் கணக்குக் கேட்கலாமா என்று வசனம் காட்டுவார்கள். கிராம சபையில் தலைவரை நிறுத்திக் கணக்குக் கேட்கிற அதே அம்மாக்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியும். கையில் தாள்தான் இல்லை. வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருச் சபையின் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து அவர்களிடம் சொல்லுங்கள்.