தெருமுனை கிளினிக்கில் எதைச் சோதிக்கணும்?

1/ தமிழ்நாட்டில் ஒரே டாக்டர், ஒரே அறை கிளினிக்கும் பதிவு செய்யணும். சட்டம் 1997-ல் வந்தது, விதிகள் 2018-ல்தான் வந்தன. சான்றிதழ் தருவது மாவட்ட சுகாதார இணை இயக்குநர் அலுவலகம்.

2/ "சின்ன கிளினிக்கை ஏன் தொந்தரவு பண்றீங்க?"ன்னு சக டாக்டர்கள் கேக்கறாங்க. பெரிய ஆஸ்பத்திரி அளவுகோலை வச்சு அறையை அளந்தா அந்தக் கோபம் நியாயம். ஆனா ஆய்வே வேண்டாம்னு சொல்றதை ஏத்துக்க முடியாது. ஊசி போடுற இடத்துல கிருமிக்கு சின்னது, பெரியதுன்னு பேதம் இல்ல.

3/ ஃபைலுக்கு முன்னாடி ட்ரேயைப் பாக்கணும். ஊசியை கவர் பிரிச்சு எடுக்கறாங்களா? போட்டதும் கட்டருக்குப் போகுதா? தடுப்பூசி ஃப்ரிட்ஜ் 2-8 டிகிரியில இருக்கா? இதுக்கெல்லாம் பெரிய கட்டடம் தேவையில்ல.

4/ ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான தேசிய தரச் சான்று ஆய்வில் பதிவேடு மட்டும் பாக்கறதில்ல. ஊழியர்கிட்ட, நோயாளிகிட்டயும் கேப்பாங்க. 70% எடுத்தா சான்று, 3 வருஷத்துக்கு. தனியார் கிளினிக் ஆய்விலும் நோயாளியைக் கேக்கணும்.

5/ இன்னொண்ணு: தேதி சொல்லிட்டு வந்தா புது பெயின்ட் வாசனைதான் மிஞ்சும். சொல்லாம வாங்க. குறை இருந்தா உடனே பூட்டு போடாம, சரிசெய்ய அவகாசம் குடுத்து மறுபடி வாங்க. அந்த கிளினிக் மூடினா 50, 100 ரூபாய்க்கு வைத்தியம் பாத்த ஜனம் மெடிக்கல் கடையிலதான் மாத்திரை கேட்டு நிக்கும்.

6/ நீங்க செய்யக்கூடியது: சுவரில் சான்றிதழ், சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. ஊசியை உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.