இரண்டு மணி வேனும் ஐந்து மணிப் பயிற்சியும்

2026-ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை பினாங்கில் ஜனவரி 12-ஆம் தேதி தொடங்கியது. அதன் பிறகு ஒரு வார இறுதியில் பைராம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் பெற்றோர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காளின் மகள் இவ்வாண்டுதான் முதலாம் படிவம். கையில் ஒரு பாரத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணே, பேண்டுல சேரலாமா? எனக்கு மியூசிக்கே தெரியாது."

பின்னாலேயே அவள் அம்மா வந்தார். அவருடைய கேள்வி வேறு. "தம்பி, வேன் ரெண்டு மணிக்குக் கிளம்பிடும். இதுல பயிற்சி அஞ்சு மணி வரைக்கும்னு போட்டிருக்கு. யாரு போய்க் கூட்டிட்டு வர்றது?"

மகளின் கேள்விக்குப் பதில் சுலபம். அம்மாவின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. புறப்பாட நடவடிக்கை பற்றி நாம் மேடைகளில் பேசும்போது பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றியே பேசுகிறோம். அம்மாவின் கேள்வியை யாரும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை.

பினாங்கு என்றதும் தீவை மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பைராம் இருப்பது பெருநிலத்தில், தென் செபராங் பிறையில், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில். கரும்பு, பிறகு ரப்பர், இப்போது செம்பனை என்று மாறிவந்த வட்டாரம் இது. வெளியூர்க்காரர்களுக்குப் பக்கத்திலுள்ள பூலாவ் பூரோங் குப்பைமேடுதான் ஞாபகம் வரும். 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து, நாள் கணக்கில் புகைந்தது. ஊதுகருவி வாசிப்பவனுக்கு மூச்சுதான் மூலதனம் என்பதால் அந்தப் புகையை நான் இன்னும் மறக்கவில்லை.

முதலில் மகளின் கேள்வி. பேண்டு வாத்தியக் குழுவில் சேர இசை தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டாம். காரணமும் இருக்கிறது. பியானோ வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நம் நாட்டில் நிறைய. ஆனால் வீட்டில் டியூபா வைத்துப் பழகிவிட்டுப் பள்ளிக்கு வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. ட்ரோம்போனும் யூஃபோனியமும் அப்படித்தான். அந்தக் கருவிகளைப் பள்ளியின் கருவி அறையில்தான் எல்லாரும் முதன்முதலாகத் தொடுகிறார்கள். பூப்பந்திலோ நீச்சலிலோ ஏழு வயதிலிருந்து பயிற்சி பெற்றவனோடு நாம் போட்டி போட வேண்டும். இங்கே பெரும்பாலோர் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

அதிலும் தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர் வெறுங்கையோடு போகவில்லை. தொடக்கப்பள்ளி இசைப் பாடத்தில் நான்காம் ஆண்டிலிருந்து ரெக்கார்டர் ஊதியிருப்போம். வீட்டார் காதைப் பொத்திக்கொண்ட அதே பிளாஸ்டிக் குழல்தான். அதன் விரல் வைப்பு முறைக்கும் சாக்ஸபோனின் விரல் வைப்பு முறைக்கும் நிறைய ஒற்றுமை உண்டு.

நான் சேர்ந்தது 2013-இல், புகுமுக வகுப்பில் இருந்தபோது. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் நாள் ஒரு மூத்த மாணவர் எங்களை வரிசையாக நிறுத்தி, "பியானோ எத்தனையாவது கிரேடு?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் நான் தலையை ஆட்டினேன். தாளக்கருவி வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார். தெரியாதவனுக்கு டிரம் கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. இது தவறான கணக்கு. ஊதுபவன் ஒரு சுரம் தப்பினால் பக்கத்தில் இருப்பவன் மறைத்துவிடுவான். ஸ்னேர் டிரம் ஓர் அடி தப்பினால் அணிவகுப்பில் எல்லார் காலும் தப்பும்.

மூன்று வாரம் டிரம்மே கிடையாது. ரப்பர் தட்டில் வலது, இடது, வலது, இடது. ஊதுகருவிக்காரர்களுக்கும் கருவி கிடையாது, வாய்ப்பகுதி மட்டும். ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகளில் உதடுகள்தான் அதிர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வு பழகாதவன் எவ்வளவு பலமாக ஊதினாலும் வெறும் காற்றுதான் வரும். பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பித்தளைக் கருவியின் வாய்ப்பகுதி உதட்டைக் கம்பியோடு அழுத்தும். முன்கூட்டியே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒருவழியாக கிளாரினெட்டுக்கு மாறினேன். அங்கே ஒரு குழப்பம். தாளில் சி என்று எழுதியிருக்கிறது, நானும் சி ஊதுகிறேன். பியானோவில் தட்டிப் பார்த்தால் அது பி ஃப்ளாட். ஆல்டோ சாக்ஸபோன்காரன் அதே சி ஊதினால் ஈ ஃப்ளாட் கேட்கிறது. பியானோ தெரிந்தவர்களே விழித்தார்கள். எனக்கு உதவியது கோயில் பஜனை. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப ஸட்ஜம் இடம் மாறும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கிளாரினெட்டின் 'ஸ' ஆறரைக் கட்டையில், ஆல்டோ சாக்ஸபோனின் 'ஸ' இரண்டரைக் கட்டையில். அவ்வளவுதான் விஷயம்.

'பேண்டு நம்ம சங்கீதம் இல்லையே' என்று சொல்லும் தாத்தாக்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மலாயில் பேண்டுக்குப் பெயரே பஞ்சராகம். பெயர் கிடக்கட்டும், வரலாற்றைப் பார்ப்போம். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை இருந்தார். அவர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் தாம் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் அமைத்தார். அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்ற பெயரில் இன்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. கிளாரினெட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்துவிட்டது. அதைக் கர்நாடக இசை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஏ.கே.சி. நடராஜன். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கத்ரி கோபால்நாத் ஒரு நாகஸ்வரக் கலைஞரின் மகன். சாக்ஸபோனில் அவருக்கு ஆசை பிறந்தது மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டபோது. 1994-இல் வெளிவந்த 'டூயட்' படத்தில் ஒலிப்பது அவருடைய சாக்ஸபோன். அவரும் ஒரு நாள் எதுவும் தெரியாமல்தான் அதைக் கையில் எடுத்திருப்பார்.

ஆக, மகளுக்குத் தடையில்லை. இனி அம்மாவின் கேள்வி.

யு.பி.யு. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. இது மாணவர்கள் எல்லாரும் அறிந்ததே. அந்தப் பத்து எப்படிச் சேர்கிறது என்பதைப் பலர் ஐந்தாம் படிவத்தில்தான் தேடிப் பார்க்கிறார்கள். சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு ஆகிய மூன்றிலும் வருகை, வகித்த பொறுப்பு, பங்கெடுத்த போட்டியின் நிலை, அதில் பெற்ற அடைவு ஆகியவை பி.ஏ.ஜே.எஸ்.கே. மதிப்பீட்டில் கணக்கில் எடுக்கப்படுகின்றன. பள்ளி அளவோடு நிற்பவரைவிட மாவட்டம், மாநிலம் என்று போனவருக்குப் புள்ளி கூடும்.

இந்த இடத்தில்தான் பேண்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஓட்டப் பந்தயத்தில் மாநிலத்துக்குப் போக நீங்கள் மாவட்டத்திலேயே வேகமானவராக இருக்க வேண்டும். பேண்டு மாநிலப் போட்டிக்குப் போனால் முழுக் குழுவும் போகிறது, மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் தோட்டத்துப் பையனும் சேர்த்து. தொடக்கநிலை மாணவரையும் மேல்நிலைக்கு ஏற்றிக்கொண்டு போகக்கூடிய வாகனம் இது.

ஆனால் அந்த வாகனத்தில் ஏற ஐந்து மணி வரை பள்ளியில் இருக்க வேண்டும். மற்ற சீருடை இயக்கங்கள் வாரம் ஒரு நாள் கூடினால் போதும். எங்கள் பேண்டு வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் கூடியது. தேசிய தினம் நெருங்கினால் தினசரி. நிபோங் திபால் பட்டணத்தில் வீடு இருப்பவன் நடந்து போவான். தோட்டத்துக்குள் இருப்பவனுக்குக் காத்திருக்க வேனும் இல்லை, நம்பி நிற்கப் பேருந்தும் இல்லை. என்னோடு அந்த ஆண்டு தோட்டத்திலிருந்து நான்கு பேர் சேர்ந்தோம். ஆகஸ்டில் நான் ஒருவன்தான் மிச்சம். மற்ற மூவரும் என்னைவிட நன்றாக வாசித்தவர்கள். எனக்கு மட்டும் பட்டணத்தில் வேலை பார்த்த மாமா இருந்தார், மோட்டார் சைக்கிளும் இருந்தது. 'ஒழுங்காக வரவில்லை' என்று அவர்கள் பெயர் அடிக்கப்பட்டது. வருகைக்கும் புள்ளி உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே வேன் அவர்களுக்கு இரண்டு இடத்தில் புள்ளியைக் குறைத்தது.

பணமும் தடைதான், மறுக்கவில்லை. கருவி பள்ளியுடையது என்றாலும் கிளாரினெட் ரீடு, வெள்ளைக் காலணி, கையுறை, சீருடை என்று செலவு வரும். 2023 முதல் வருமானம் பாராமல் மாணவர்களுக்குத் தரப்படும் 150 ரிங்கிட் தொடக்க உதவி, புத்தகப் பைக்கும் காலணிக்குமே சரியாக இருக்கும். ஆனாலும் பணத்துக்கு யாராவது கை கொடுப்பார்கள். தோட்டத்தில் அது நடக்கும். வாரம் மூன்று நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் வந்து நிற்பதற்குத்தான் ஆள் இல்லை.

சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரியோடு இணைந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து மேற்கத்திய இசைக் கருவிகளை இலவசமாகக் கற்றுத்தருகிறது. அது ஒரு பெரிய இசையமைப்பாளரின் பெயரில் நடக்கும் முயற்சி. நம் இடைநிலைப்பள்ளிகளிலோ அறையும் கருவியும் பயிற்றுநரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். புதியவர்களுக்கு முதல் மூன்று மாதப் பயிற்சியைப் புறப்பாட நாளிலேயே வைத்துவிடலாம். வாய்ப்பகுதிக்கும் ரப்பர் தட்டுக்கும் ஐந்து மணி வரை ஆக வேண்டியதில்லை. அதன்பின் இரண்டு நாளைக்கு ஒரு தாமத வேனுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்தால், அதே வேனில் கால்பந்து ஆடுபவனும் கபடி ஆடுபவளும் வருவார்கள். செலவைப் பங்கிட்டால் பெரிய தொகை வராது என்றே நினைக்கிறேன். கேட்பதற்கு ஒருவர் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். நம் பெற்றோர் அந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்.

அக்கா பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை என் அப்பா போய் அழைத்துவர ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வேன் விஷயத்தைக் கேட்கப் போவதாக அக்கா சொன்னார். என்ன கேட்க வேண்டும் என்பதை மலாயில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், நான்கு வரி.

அவளுக்குக் கிடைத்திருப்பது ட்ரோம்போன். நேற்று ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு விநாடி. தேனீ ஒன்று போத்தலுக்குள் மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம், நடுவில் சமையலறையிலிருந்து அக்காளின் குரல்: "கதவச் சாத்திட்டு ஊது!"