உட்கார விட்டால் நிற்பார்கள்

எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "விற்பனைக்கு ஆட்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம்." ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே காகிதம்தான். முதலாளிகளிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லோரும் பாடுவது ஒரே பல்லவி: "என்ன சார் செய்யறது, ஆளே நிக்க மாட்டேங்கறாங்க."

எனக்கென்னவோ, நின்று நின்று அலுத்துத்தான் போய்விடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஜவுளிக்கடையோ நகைக்கடையோ, காலையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பிக்கும் பெண், சாப்பாட்டு நேரம் போக, இரவு ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிறாள். கடையில் ஈ, காக்காய் இல்லாத மத்தியான வேளையிலும் சுவரில் சாயக் கூடாது. நமக்கு அறுபது வயதுக்கு மேல் வந்த கால் வீக்கமும் முழங்கால் வலியும் அவர்களுக்கு முப்பதிலேயே வந்துவிடுகின்றன. 2010-ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படம் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பாட்டைக் காட்டியது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அதற்காகக் கடைகளில் ஸ்டூல் வந்துவிடவில்லை.

அண்டை மாநிலத்தில் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்கார ஓர் இடத்துக்காகவும் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டசபையும் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். ஆலையில் நின்று வேலை செய்பவருக்கு 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. நம் ஊர்க் கடைப் பெண்ணுக்கு வந்து சேர 73 வருஷம் பிடித்திருக்கிறது!

சட்டம் வந்தும் என்ன? பல கடைகளில் இன்னும் ஸ்டூல் இல்லை. சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் தைரியம் இல்லை. மேலே கேமரா, பக்கத்தில் சூப்பர்வைசர்.

"உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் வந்துவிடும், வாடிக்கையாளருக்கும் மரியாதைக் குறைவு" என்பார்கள். நான் 32 வருஷம் வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். எதிரே நின்றவர்களில் அப்பா வயதுக்காரர்களும் உண்டு. ஒருவர்கூட அதை மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் கணக்குச் சரியாக இருக்கிறதா, முகம் கொடுத்துப் பேசுகிறேனா என்பதைத்தான். வங்கிக்காரன் உட்கார்ந்தால் உத்தியோகம், கடைப் பெண் உட்கார்ந்தால் சோம்பேறித்தனமா? இது என்ன நியாயம்?

ஆள் தங்குவதற்குச் சம்பளம்தான் முக்கியம், ஸ்டூலில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் முக்கியம்தான், மறுக்கவில்லை. வார விடுமுறையும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தமும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆனால் பக்கத்துக் கடையில் 500 ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுகிறவர் யார்? இந்தக் கடையில் தன்னை ஒரு மனுஷியாகவே யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தவர்தான். "கொஞ்சம் உட்காரும்மா" என்று சொல்லும் முதலாளியை விட்டுப் போக மனசு ரெண்டு தடவை யோசிக்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் என்ன விலை? புது ஆளைப் பிடித்து, சரக்கு ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்துத் தேற்றுவதற்குள் ஆகிற நஷ்டம் அதைப் போலப் பல மடங்கு.

இதில் நம் பங்கும் இருக்கிறது. "கஸ்டமர் தப்பா நினைப்பாங்க" என்று முதலாளி கை காட்டுவது நம்மைத்தான். அந்தச் சாக்கை நாம் எடுத்துவிடலாமே. நம்மைப் போல் வயதானவர்கள் கடைக்குள் நுழைந்ததும் ஸ்டூல் தேடி வந்துவிடுகிறது. அடுத்த தடவை புடவை பார்க்கப் போகும்போது, எடுத்துப் போடுகிற பெண்ணிடம், "நீயும் உட்கார்ந்தே காட்டும்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று முதலாளி காதில் விழும்படி சொல்லுங்கள். பில் போடும்போது, "உங்க கடைப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூல் போடக் கூடாதா?" என்றும் கேளுங்கள். தொழிலாளி கேட்டால் வேலை போகும். நாம் கேட்டால் நம்மை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. பத்துப் பேர் கேட்டால், ஸ்டூல் தானாக வரும்.